வழக்கு நடக்கட்டும், குழந்தையின் சிகிச்சையும் நடக்கட்டும்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை, மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை, உள்துறை ஆகியவற்றின் செயலாளர்கள், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுக்களின் தலைவர்களும் உறுப்பினர்களும்.

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தைகளோடும் அவர்களுடைய குடும்பத்தாரோடும் மாவட்டத் தலைநகர் ஒன்றில் பணியாற்றும் உளவியலாளர் என்ற முறையில், ஒரே ஒரு கோரிக்கையை முன்வைத்து இந்த மடலை எழுதுகிறேன். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் கீழான வழக்கில் குழந்தை சாட்சி சொல்லி முடிக்கும்வரை மனக்காயத்திற்கான முறையான சிகிச்சையைத் தொடங்க வேண்டாம் என்ற வழக்கம், எங்கும் எழுதப்படாமலேயே பல இடங்களில் விதிபோல் நிலைத்துவிட்டது. அதை எழுத்துப்பூர்வமான அரசாணை ஒன்றின் மூலம் முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இந்த வழக்கம் யாருடைய கெட்ட எண்ணத்தாலும் வந்ததன்று. விசாரணை அதிகாரி, அரசுத் தரப்பு வழக்கறிஞர், சில நேரங்களில் வழக்குக் காலத்தில் துணைநிற்பதற்காகக் குழந்தைக்கென்று நியமிக்கப்பட்ட ஆதரவு நபர் என எல்லோருக்கும் ஓர் அச்சம் இருக்கிறது. ‘இந்தக் குழந்தை சொல்வதெல்லாம் ஆலோசகர் சொல்லிக்கொடுத்தது’ என்று குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வாதிட்டால் வழக்கு பலவீனப்பட்டுவிடுமே என்பதுதான் அந்த அச்சம். ஆகவே, நடந்ததைப் பற்றி மட்டும் பேச வேண்டாம், மற்றபடி ஆறுதலாகப் பேசிக்கொண்டிருங்கள் என்று ஆலோசகர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லப்படுகிறது. அவர்களும் வண்ணப் பென்சில்களை எடுத்துக் கொடுத்து, படம் வரையச் சொல்லி, நன்றாகப் படிக்க வேண்டும் என்று அறிவுரை கூறி, ஓர் அமர்வு முடிந்ததாகப் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறார்கள். குழந்தை எதைச் சுமந்துகொண்டு வந்ததோ அதைத் தொடாமலேயே அனுப்பிவைக்கும் இந்த ஏற்பாட்டைச் சிகிச்சை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 35ஆம் பிரிவு, சிறப்பு நீதிமன்றம் குற்றத்தைக் கவனத்தில் எடுத்துக்கொண்ட 30 நாட்களுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றும், கூடுமானவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. இந்தக் காலக்கெடு காக்கப்படுமானால் சாட்சியம் முடியட்டும் என்று ஒரு மாதம் பொறுத்திருப்பதில் பெரிய கேடு வந்துவிடாது. நான் இந்த மடலை எழுதவும் வேண்டியிருந்திருக்காது. ஆனால் இரண்டாம் வகுப்பில் புகார் கொடுத்த குழந்தை ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகு சாட்சிக்கூண்டு ஏறுவது நம் மாவட்டங்களில் அதிசயமன்று என்பதை உங்களுக்கு நான் எடுத்துச்சொல்லத் தேவையில்லை. வாய்தா மேல் வாய்தாவாக நீளும் அந்த ஆண்டுகள் முழுவதும் சிகிச்சையும் நிறுத்திவைக்கப்படுகிறது என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

காத்திருக்கும் காலத்தில் குழந்தையின் மனம் சும்மா இருப்பதில்லை. இரவில் திடுக்கிட்டு எழுவது, மீண்டும் படுக்கையில் சிறுநீர் கழிப்பது, ஒரு குறிப்பிட்ட மீசையையோ சட்டை நிறத்தையோ வாசனையையோ கண்டால் உறைந்து நிற்பது, நடந்ததை நினைவூட்டும் தெருவையும் உறவினரையும் பள்ளிக் கழிப்பறையையும் தவிர்ப்பது ஆகியவை முதல் சில வாரங்களில் பல குழந்தைகளிடம் காணப்படுபவைதாம். பாதுகாப்பும் அன்பும் உள்ள வீட்டில் கணிசமானோர் தாமாகவே இவற்றிலிருந்து மீள்கிறார்கள். புகார் பதிவான ஒவ்வொரு குழந்தைக்கும் சிகிச்சை தேவை என்று நான் சொல்லவில்லை. பதின்ம வயதுக் காதல் விவகாரங்கள் போக்சோ வழக்குகளாகப் பதிவாகிற இடங்களில் மனக்காயம் நடந்த சம்பவத்தால் அல்லாமல், அதன் பிறகு காவல் நிலையத்திலும் வீட்டிலும் காப்பகத்திலும் நேர்ந்தவற்றால் ஏற்பட்டிருப்பதையும் காண்கிறோம். எனவே முதலில் முறையான மதிப்பீடு வேண்டும். ஆனால் மாதங்கள் கடந்தும் அறிகுறிகள் நீடிக்கும் குழந்தைகளிடம், தவிர்ப்பதே வாழ்க்கை முறையாக இறுகிப்போகிறது. பள்ளி நிற்கிறது. ‘நான் கத்தியிருந்தால் நடந்திருக்காது’, ‘நான் சொன்னதால்தான் மாமா ஜெயிலுக்குப் போனார், வீடே உடைந்தது’, ‘இனி நான் நல்ல பிள்ளை இல்லை’ என்ற எண்ணங்கள் யாரும் மறுத்துப் பேசாத காரணத்தாலேயே உண்மையென்று நிலைபெறுகின்றன. நடந்ததைப் பற்றிப் பேசவே கூடாது என்று பெரியவர்கள் காட்டும் கவனம், அது பேச முடியாத அளவுக்கு அசிங்கமானது என்ற செய்தியைக் குழந்தைக்குத் தருகிறது.

சட்டம் இதைக் கேட்கவில்லை என்பதே வேடிக்கை. 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகளில் 6ஆம் விதி, அவசர மருத்துவ உதவிக்கு வரும் குழந்தையிடம் எந்த மருத்துவரும் நீதிமன்றக் கடிதத்தையோ வேறு ஆவணத்தையோ முன்நிபந்தனையாகக் கேட்கக் கூடாது என்கிறது. தேவைப்படும் இடத்தில் மனநல ஆலோசனைக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. விசாரணை முடியும்வரை ஆதரவு நபரிடமிருந்து மாதந்தோறும் அறிக்கை பெற வேண்டும், அந்த அறிக்கையில் குழந்தையின் உடல், மன நலமும் மனக்காயத்திலிருந்து மீளும் முன்னேற்றமும் இடம்பெற வேண்டும், உளவியல் சிகிச்சை உட்படத் தொடர் மருத்துவ உதவி கிடைப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்று 4ஆம் விதி குழந்தைகள் நலக் குழுவைப் பணிக்கிறது. ‘விசாரணை முடியும்வரை’ மீளும் முன்னேற்றத்தை மாதாமாதம் எழுதிக் கேட்கிற விதியின் கீழேயே, விசாரணை முடியும்வரை சிகிச்சையைத் தொடங்காமல் இருக்கிறோம். ஆதரவு நபர் நியமனத்தைப் பெற்றோரின் விருப்பத்திற்கு விட்டுவிடக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியிருக்கிறது. உடற்காயத்திற்கு அன்றே மருந்து போடும் நாம் மனக்காயத்தை மட்டும் தடயப் பொருள்போல் முத்திரையிட்டு வைத்திருக்கிறோம்.

முறையான சிகிச்சை என்று நான் எதைக் குறிப்பிடுகிறேன் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மனக்காயத்தை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது இத்துறையில் இருப்பவர்கள் டி.எஃப்.-சி.பி.டி. என்று சுருக்கிச் சொல்லும் முறை, அமெரிக்காவில் ஜூடித் கோஹன், ஆன்டனி மன்னரினோ, எஸ்தர் டெப்ளிங்கர் ஆகிய மூவரால் பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தைகளுக்காகவே முதலில் உருவாக்கப்பட்டது. 3 வயது முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்குப் பொதுவாக வாரம் ஒன்றாக 12 முதல் 16 அமர்வுகளில் முடியக்கூடியது. சிக்கலான நிலைகளில் 25 வரை நீளும். 2004ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், 8 முதல் 14 வயதுக்குட்பட்ட 229 குழந்தைகளும் அவர்களைப் பராமரிப்பவர்களும் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பிரிவினருக்கு இந்தச் சிகிச்சையும் மற்றவர்களுக்குக் குழந்தையின் போக்கிலேயே பேசவிட்டு ஆதரவளிக்கும் சிகிச்சையும் தரப்பட்டன. இந்தச் சிகிச்சையைப் பெற்ற குழந்தைகளிடம் மனக்காய அறிகுறிகளும் மனச்சோர்வும் அவமான உணர்வும் கூடுதலாகக் குறைந்தன. அவர்களுடைய பெற்றோரின் மனச்சோர்வும் குறைந்தது. கனிவோடு கேட்டுக்கொண்டிருப்பது நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் குழந்தைகளுக்கு இவ்வகைச் சிகிச்சையைத்தான் பரிந்துரைக்கிறது. 18 வயதுக்குட்பட்டவர்களின் மனக்காயப் பின்விளைவு நோய்க்கு (பி.டி.எஸ்.டி.) மருந்து தர வேண்டாம் என்றும் அது வெளிப்படையாகச் சொல்கிறது. கூட்டம் நிரம்பி வழியும் புறநோயாளிகள் பிரிவில் தூக்க மாத்திரையோடு திருப்பி அனுப்பப்படும் குழந்தைகளை நினைத்துக்கொண்டே இந்த வரியை எழுதுகிறேன்.

சிகிச்சையின் முதல் சில வாரங்களில் நடந்த சம்பவத்தின் விவரத்திற்குள் போவதே இல்லை. இத்தகைய கொடுமை பல குழந்தைகளுக்கு நேர்கிறது, பயத்தில் உடல் உறைந்துபோவது இயல்பு, பொறுப்பு முழுவதும் செய்தவருடையது என்பதைக் குழந்தைக்கும் தாய்க்கும் வெவ்வேறாகவும் சேர்த்தும் விளக்குகிறோம். வயிறு எழுந்து தணியும்படி மூச்சுவிடுவது, இறுகிய உடலைப் பகுதி பகுதியாகத் தளர்த்துவது, கோபம், பயம், அருவருப்பு, வெட்கம் எனத் தன் உணர்ச்சியைப் பிரித்துப் பெயர் சொல்வது, எது எண்ணம், எது உணர்ச்சி, எது செயல் என்று பார்க்கக் கற்பது என்று பயிற்சி படிப்படியாகப் போகிறது. வீட்டில் பாட்டியோ அத்தையோ இருந்தால் அவர்களையும் அழைக்கச் சொல்வேன், ஏனென்றால் நம் வீடுகளில் குழந்தையை உறங்கவைப்பவர் பல சமயம் அவர்கள்தாம். மந்திரித்துத் தாயத்துக் கட்டியதைச் சொல்ல அவர்கள் தயங்கும்போது நான் கடிந்துகொள்வதில்லை. குழந்தைக்குப் பாதுகாப்பாக இருப்பதாகத் தோன்றச் செய்யும் எதுவும், அடிப்பதும் அச்சுறுத்துவதும் இல்லாதவரை, சிகிச்சைக்கு இடையூறன்று.

அதன் பிறகே, குழந்தை தாங்கும் அளவுக்கு ஏற்ப, நடந்ததைச் சிறிது சிறிதாகச் சொல்லத் தொடங்குகிறது. சிலர் நோட்டில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகிறார்கள், சிலர் படக்கதையாக வரைகிறார்கள், சிறு குழந்தைகள் பொம்மைகளை வைத்துக் காட்டுகிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்லும்போது பயத்தின் வீச்சு தணிகிறது. அதைவிட முக்கியமாக, நினைவின் நடுவில் ஒளிந்திருந்த தவறான எண்ணம் வெளியே வருகிறது. ‘அவர் வாங்கிக்கொடுத்த ஐஸ்கிரீமை நான் சாப்பிட்டேன், அதனால் நானும் சம்மதித்ததாகத்தானே ஆகும்’ என்று ஒரு குழந்தை இரண்டு ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருந்தால், எத்தனை ஆறுதல் சொன்னாலும் அந்த எண்ணம் வெளியே வராது, ஏனென்றால் ஆறுதல் சொல்பவருக்கு ஐஸ்கிரீம் விஷயமே தெரியாது. இடையில், ஆபத்தில்லாத ஆனால் குழந்தை அஞ்சி ஒதுங்கும் இடங்களுக்கும் சூழல்களுக்கும், முதலில் தாயுடன், பின்னர் தோழியுடன், பின்னர் தனியாக என்று மெல்லத் திரும்பப் பழக்குகிறோம். இறுதியில் குழந்தை தான் எழுதியதைத் தாயின் முன் படிக்கும் அமர்வு வருகிறது. அதற்கு முன்பே தாயைத் தனியாகப் பல அமர்வுகளில் தயார்ப்படுத்தியிருக்க வேண்டும்.

தாயைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஏனெனில் நம்முடைய ஏற்பாட்டில் முற்றிலும் விடுபட்டிருப்பவர் அவர்தாம். குற்றம் சாட்டப்பட்டவர் பெரும்பாலும் குழந்தைக்கு அறிமுகமானவர் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. அவர் கணவராகவோ, கணவரின் தம்பியாகவோ, பக்கத்து வீட்டு அண்ணனாகவோ இருக்கும்போது, புகார் கொடுத்த மறுநாளே அந்தத் தாய் வருமானத்தையும் உறவையும் குடியிருக்கும் வீட்டையும் ஒருசேர இழக்கக்கூடும். மாமியார் வீட்டார் பேச மறுக்கிறார்கள். சமாதானமாகப் போகச் சொல்லித் தெருப் பெரியவர்கள் வருகிறார்கள். ‘நான் வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால்’ என்று அவர் தன்னையே நொந்துகொள்ளும் அதே வேளையில், ‘இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை’ என்று குழந்தை மீதும் கோபப்படுகிறார். பெண் குழந்தையானால் சீக்கிரம் கல்யாணம் முடித்துவிடலாம் என்ற யோசனை எழுகிறது. ஆண் குழந்தையானால் இதெல்லாம் ஆண்பிள்ளைக்கு நடக்குமா என்று நம்பவே மறுக்கிறார்கள், அல்லது விளையாட்டாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். குற்றத்தில் பங்கில்லாத பெற்றோர் ஒருவரேனும் குழந்தை சொல்வதை நம்பி உடன் நிற்பது, குழந்தை மீள்வதைத் தீர்மானிக்கும் முக்கியமான காரணங்களில் ஒன்று. அந்தப் பெற்றோருக்கென்று தனி அமர்வுகள் இல்லாத சிகிச்சை பாதிச் சிகிச்சைதான். ஆனால் தாயை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டுக் குழந்தையை மட்டும் உள்ளே அழைப்பதே பெரும்பாலும் நடக்கிறது.

இனி, சாட்சியம் கெட்டுவிடும் என்ற அச்சத்திற்கு வருகிறேன். குழந்தைகளின் நினைவு, கேட்கப்படும் கேள்வியால் வளையக்கூடியது என்பது உளவியலில் நன்கு நிறுவப்பட்ட உண்மை. எனவே இந்த அச்சத்தை நான் ஒதுக்கித்தள்ளவில்லை. ஆனால் அது சிகிச்சையைத் தள்ளிப்போடுவதற்கான காரணமாகாது, சிகிச்சையை ஒழுங்கோடு நடத்துவதற்கான காரணமே ஆகும். சிகிச்சையாளர் உண்மை கண்டறியும் அதிகாரி அல்லர்; ‘அவன் அப்போது இதைச் செய்தானா’ என்று கேட்பது அவர் வேலையன்று, ‘அதன் பிறகு என்ன நடந்தது’ என்பதற்கு அப்பால் அவர் போகவும் கூடாது. காவல்துறையும் நீதித்துறை நடுவரும் குழந்தையின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த பிறகே, நடந்ததைக் குழந்தை சிறிது சிறிதாகச் சொல்லும் விவரணைப் பகுதி தொடங்க வேண்டும் என்று வரிசை வகுத்துவிட்டால், முதலில் சொன்னது எது, பிறகு சொன்னது எது என்ற குழப்பத்திற்கு இடமே இல்லை, ஏனெனில் முதல் வாக்குமூலம் அதற்கு முன்பே நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது.

இதற்கும் மேலாக ஒரு செய்தி உண்டு. 2011இல் வெளியான ஆய்வில், பாலியல் வன்முறைக்கு ஆளான 4 முதல் 11 வயதுக் குழந்தைகள் 210 பேருக்கு, இதே சிகிச்சை விவரணைப் பகுதியோடும் அது இல்லாமலும், 8 அமர்வுகளாகவும் 16 அமர்வுகளாகவும் நான்கு வகையில் வழங்கிப் பார்த்தார்கள். நான்கு வகைகளிலும் குழந்தைகள் முன்னேறினார்கள். விவரணை சேர்ந்த 8 அமர்வுகளில், நடந்ததோடு தொடர்புடைய பயமும் பதற்றமும் நன்றாகக் குறைந்தன. விவரணை இல்லாத 16 அமர்வுகளில் பெற்றோரின் வளர்ப்பு முறையும் குழந்தையின் நடத்தைச் சிக்கல்களும் நன்றாகச் சீரடைந்தன. இதன் பொருள் என்ன? சாட்சியத் தேதி அடுத்த மாதம் என்று உறுதியாகத் தெரிந்தால் விவரணைப் பகுதியை அதன் பிறகு வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் இன்றே தொடங்கலாம். தேதியே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் நீளும் வழக்கில் விவரணையையும் தொடங்கிவிடலாம். எந்த நிலையிலும், ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு நியாயம் இல்லை. இங்கிலாந்தின் அரசு வழக்குத் தொடர்வுத் துறை 2022 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டுதலும், குற்ற விசாரணையைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தாமதப்படுத்தக் கூடாது என்றே கூறுகிறது. முதல் நாள் அமர்விலேயே நீதிமன்ற அறையின் படத்தைக் கண்டு அழும் குழந்தையைவிட, தன் பயத்தைக் கையாளக் கற்றுக்கொண்ட குழந்தை சாட்சிக்கூண்டில் தெளிவாகப் பேசும் என்பதை அரசு வழக்கறிஞர்கள் எவரும் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

குறிப்பேடுகளைப் பற்றியும் விதி வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிகிச்சைத் தகவல்களின் இரகசியத்தை ஓர் உரிமையாக அங்கீகரிக்கிறது. உரிய அதிகாரம் கொண்ட அமைப்பின் ஆணை போன்ற விதிவிலக்குகளும் அதில் உண்டு. ஆதரவு நபரின் மாத அறிக்கைக்காக ஆலோசகரின் குறிப்புகளை நகலெடுத்துக் கோப்பில் சேர்ப்பதும், விசாரணை அதிகாரி தொலைபேசியில் அழைத்து ‘குழந்தை புதிதாக ஏதாவது சொன்னதா’ என்று கேட்பதும் அந்த உரிமைக்குப் பொருந்தாதவை. எத்தனை அமர்வுகள் நடந்தன, குழந்தை தூங்குகிறதா, பள்ளிக்குப் போகிறதா, பாதுகாப்பாக இருக்கிறதா என்ற அளவில் அறிக்கை போதும். குழந்தை எழுதிய நோட்டு சிகிச்சை அறையை விட்டு வெளியே போகக் கூடாது. அதே நேரத்தில், சிகிச்சையின்போது இதுவரை வெளிவராத வேறொரு குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி அதைத் தெரிவிக்க வேண்டிய கடமை எங்களுக்கு இருக்கிறது; இதை முதல் அமர்விலேயே குழந்தையிடமும் தாயிடமும் அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்லிவிட வேண்டும்.

மேலைநாட்டு முறை நம் குழந்தைகளிடம் எடுபடுமா என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்க் குழந்தைகள் வாழும் இலங்கையின் வடக்கு, கிழக்குப் பகுதிகளிலிருந்தே இதற்கு இரண்டு சான்றுகளைத் தர முடியும். இரண்டும் ஒரே திசையில் செல்லவில்லை என்பதால்தான் அவை பயனுள்ளவை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அங்கே ஒரு முகாமில், போரையும் கடலையும் ஒருசேரக் கண்ட 31 குழந்தைகளுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் 6 அமர்வுகளில் சிகிச்சை அளித்தார்கள். ஒரு பிரிவினர் தம் வாழ்க்கையை வரிசையாக விவரித்தார்கள். மற்றவர்கள் தியானமும் உடல்தளர்வும் கற்றார்கள். ஆறு மாதங்களுக்குப் பிறகு முதல் பிரிவில் 81 சதவீதத்தினரும் இரண்டாம் பிரிவில் 71 சதவீதத்தினரும் நோய்நிலையிலிருந்து மீண்டிருந்தார்கள். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பெரிதன்று. எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் முகாமிலேயே, உள்ளூர் ஆட்களைக் கொண்டே, சில வாரங்களில் இது இயலும் என்பதற்கு அது போதும்.

இரண்டாவது, 2012இல் வெளியானது. இலங்கையின் வடக்கே பள்ளிகளில் 399 குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு, 5 வாரங்களில் 15 அமர்வுகளாக, வகுப்பறைக் குழுக்களில் அறிவாற்றல் நடத்தை முறையைத் தழுவிய திட்டம் நடத்தப்பட்டது. முதன்மை அளவுகோல்கள் எதிலும் ஒட்டுமொத்தப் பலன் தெரியவில்லை. போர் சார்ந்த அன்றாட நெருக்கடி குறைவாக இருந்த குழந்தைகளுக்குப் பலன் இருந்தது. சிறுமிகளிடமோ, திட்டத்தில் சேராமல் காத்திருந்த சிறுமிகளைவிட மனக்காய அறிகுறிகள் குறைவாகவே தணிந்தன. ஆபத்து இன்னும் தொடர்ந்துகொண்டிருக்கும்போது, தனியாகக் கவனிக்க ஆளில்லாமல், கும்பலாக உட்காரவைத்து நடத்தும் திட்டம் நன்மை செய்யாமலும் போகலாம், சிலருக்கு மீட்சியைத் தாமதப்படுத்தவும் செய்யலாம் என்ற பாடத்தை நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். குற்றம் சாட்டப்பட்டவர் பிணையில் வந்து அதே தெருவில் நடமாடிக்கொண்டிருக்கும்போது குழந்தைக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது எவ்வளவு பொருத்தமற்றது என்பதை எண்ணிப்பாருங்கள். அங்கே குழந்தையின் பயம் தவறான எண்ணம் அன்று, சரியான கணிப்பு. பிணை நிபந்தனை மீறப்படுவதை உடனே நீதிமன்றத்தின் கவனத்திற்குக் கொண்டுசெல்லும் காவல் அதிகாரியும் இந்தச் சிகிச்சைக் குழுவில் ஒருவர் என்றே நான் கருதுகிறேன். உள்துறைச் செயலாளருக்கும் இந்த மடலை அனுப்புவது அதனால்தான்.

ஆட்கள் எங்கே என்ற கேள்வி நியாயமானது. இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர்கள் எல்லா மாவட்டங்களுக்கும் போதுமான அளவில் கிடைக்கும்வரை காத்திருந்தால் இன்னொரு தலைமுறை போய்விடும். ஆனால் ஜாம்பியாவின் லுசாகா நகரில், 5 முதல் 18 வயதுக்குட்பட்ட 257 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், இதே சிகிச்சையை அளித்தவர்கள் மனநலப் பட்டம் பெறாத உள்ளூர் ஆலோசகர்கள்தாம். வழக்கமான உதவி பெற்றவர்களைக் காட்டிலும் அவர்களிடம் வந்த குழந்தைகளின் மனக்காய அறிகுறிகள் மிகப் பெரிய அளவில் குறைந்தன. கென்யாவிலும் தான்சானியாவிலும் பெற்றோரை இழந்த 640 குழந்தைகளிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்விலும் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே நடத்தினார்கள். நான்கு இடங்களில் மூன்றில் பலன் தெளிவாகத் தெரிந்தது. அங்கெல்லாம் பயிற்சி என்பது முதல் நாள் குத்துவிளக்கும் கடைசி நாள் சான்றிதழும் குழுப் புகைப்படமுமாக முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு வாரமும் ஆலோசகர்கள் உள்ளூர் மேற்பார்வையாளரிடம் தம் அமர்வுகளை ஒவ்வொன்றாக எடுத்துச்சொல்லித் திருத்திக்கொண்டார்கள். அந்த மேற்பார்வையாளர்கள் நிபுணர்களோடு வாரந்தோறும் தொலைபேசியில் கலந்தாலோசித்தார்கள். இந்த மேற்பார்வைக்குத்தான் பணம் ஒதுக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஆலோசகர்கள், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தினர், மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர்கள் ஆகியோரிலிருந்து மாவட்டத்திற்கு இருவரையோ மூவரையோ தேர்ந்தெடுத்து, கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் போன்ற ஒரு மேல்நிலை நிறுவனத்தின் வாராந்திர மேற்பார்வையோடு இணைத்தால் தொடங்குவதற்குப் போதும். தேர்ந்தெடுத்தவர்களை மூன்று ஆண்டுகளாவது மாற்றாதிருக்க வேண்டும். ஒப்பந்த ஊதியத்தில் அவர்களை வைத்துக்கொண்டு இதை எதிர்பார்ப்பது எவ்வளவு நியாயம் என்பதை நிதித்துறையோடு நீங்கள் பேசிக்கொள்ளுங்கள்.

பேருந்துக் கட்டணம் என்ற சிறிய விஷயம்தான் பல குழந்தைகளின் சிகிச்சையை நான்காம் வாரத்தில் நிறுத்திவிடுகிறது. நூறு நாள் வேலைக்கோ கட்டட வேலைக்கோ போகும் தாய் வாரம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, குழந்தையோடு இரண்டு பேருந்து மாறி வர வேண்டியிருக்கிறது. மகளிர் கட்டணமில்லாப் பயணம் ஓரளவு உதவுகிறது, ஆனால் கூலியிழப்பை அது ஈடுசெய்வதில்லை. போக்சோ விதிகளின் 8ஆம் விதி, உணவு, உடை, போக்குவரத்து போன்ற தேவைகளுக்கான சிறப்பு நிவாரணத்தைக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்திற்குள் வழங்க வேண்டும் என்கிறது. 9ஆம் விதி, இழப்பீட்டைக் கணக்கிடும்போது மனநலச் சிகிச்சைக்கு ஆன, ஆகவிருக்கும் செலவையும் கல்வி இழப்பையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. இந்த இரண்டு விதிகளையும் சேர்த்துப் படித்து, 16 வாரச் சிகிச்சைக்கான பயணச் செலவையும் துணைக்கு வருபவரின் கூலியையும் தொடக்கத்திலேயே ஒரே உத்தரவில் பரிந்துரைக்கக் குழந்தைகள் நலக் குழுக்களுக்குத் தடையேதும் இல்லை. அமர்வுகளைச் சனிக்கிழமைகளிலும் மாலை வேளைகளிலும் வைப்பதற்கு அனுமதி தேவை, ஏனெனில் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பள்ளிக்கு வராத குழந்தையைப் பற்றி வகுப்பில் கேள்வி எழும், அந்தக் கேள்விக்குக் குழந்தைதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மூன்று துறைகளும் கூடி ஒரு கூட்டு அரசாணை வெளியிடச் சில மாதங்கள் ஆகக்கூடும் என்பதை அறிவேன். அதுவரை பொறுத்திருக்காமல், குழந்தைகள் நலக் குழுக்கள் தமக்கு ஏற்கெனவே உள்ள அதிகாரத்தைக் கொண்டு, ஆதரவு நபரை நியமிக்கும் உத்தரவிலேயே கீழ்க்காணும் வாசகத்தைச் சேர்க்கலாம்: ‘இக்குழந்தைக்கும் பராமரிப்பவருக்கும் மனக்காய மதிப்பீடு நான்கு வாரங்களுக்குள் செய்யப்பட வேண்டும். தேவை எனத் தெரிந்தால் வாராந்திரச் சிகிச்சை உடனே தொடங்கப்பட வேண்டும்; வழக்கு நிலுவையில் இருப்பதோ சாட்சியம் பதிவாகாமல் இருப்பதோ அதற்குத் தடையாகாது. சிகிச்சைக் குறிப்புகள் மாத அறிக்கையுடன் இணைக்கப்பட வேண்டியதில்லை.’

இங்ஙனம்,
குழந்தைகள் மனநலப் பணியில் உள்ள உளவியலாளர் ஒருவர்